மாவோரி, ஜப்பானியப் பச்சை குத்தும் வடிவமைப்பு: கேள்விகளும் பதில்களும்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நான் வேலை பார்க்கும் கடையில் ஜப்பானியப் பாணியில் பச்சை குத்துவது என் பொறுப்பு. இந்நாட்டின் பழங்குடியினரான மாவோரிகளின் பாணி வேலைகளை அதே கடையிலுள்ள மாவோரிக் கலைஞர் ஒருவர் செய்கிறார். அவருடைய வடிவமைப்புப் பேச்சுகள் பலவற்றில் நானும் உடன் இருந்திருக்கிறேன். இவ்விரண்டைப் பற்றியும் கேளுங்கள். கேட்குமுன் ஒரு வேண்டுகோள்: இணையத்தில் கண்ட இன்னொருவர் உடம்பின் படத்தை அனுப்பி, “இதே போல எனக்கும்” என்று கேட்காதீர்கள்.

ஆற்றுமீன்: அக்கா, தோள் முதல் மணிக்கட்டு வரை ஜப்பானியக் கெண்டை மீன் வேண்டும். வடிவமைப்பு எங்கிருந்து தொடங்கும்? என் மாநிறத் தோலில் நிறங்கள் எடுக்குமா?

முதல் சந்திப்பில் நான் பென்சிலைத் தொடுவதில்லை. கையைத் தொங்கவிட்டும், மடக்கியும், உயர்த்தியும் காட்டச் சொல்லி நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் தாளில் நேராக நிற்கும் உருவம் தோளின் உருண்டையில் ஏறியதும் சாய்ந்துவிடுகிறது. முழங்கை மடிப்பில் மீனின் கண் விழுந்தால், கை மடங்கும்போதெல்லாம் மீன் கண்ணை மூடிக்கொள்ளும். படத்தைத் தோலில் பதிக்கும் தாளான ஸ்டென்சிலை ஒட்டும்போதும் நீங்கள் நிற்க வேண்டும். படுத்த நிலையில் ஒட்டிய ஸ்டென்சில், எழுந்து நின்றதும் வேறு படமாகிவிடும்.

ஜப்பானியப் பாணியில் முதன்மை உருவம் ஒன்று இருக்கும். நீர், காற்று, முகில் ஆகிய பின்னணி அதனைத் தாங்கும். இடையில் வரும் பூவும் இலையும் பருவத்தைச் சொல்லும். சிங்கத்துக்குப் பியோனி, புலிக்கு மூங்கில் என்று பழகிய இணைகள் உண்டு. கெண்டையோடு நீரில் மிதக்கும் மேப்பிள் இலைகள் இலையுதிர் காலத்தைக் காட்டுகின்றன. அதற்குள்ளேயே செர்ரிப் பூவையும் கேட்பவர்களிடம், அது மார்கழிக் கோலத்தின் நடுவே மாம்பழம் வைத்தது போலிருக்கும் என்று சொல்வேன். படம் எங்கே முடிகிறது என்பதையும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். அந்த விளிம்புக்கு ஜப்பானியர் ‘மிகிரி’ என்று பெயரிட்டு, பியோனி இதழைப் போல வளைந்து முடிவது, நேராக வெட்டியது போல முடிவது, விடியலைப் போல மெல்ல மங்கி முடிவது என வகை பிரித்திருக்கிறார்கள். விளிம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய கைகள் பல, சட்டைக் கையைப் பாதியில் கிழித்தது போல நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றி: மை மேல்தோலுக்கு அடியில் தங்குகிறது, மேல்தோலின் நிறமி அதன் மீது வண்ணக் கண்ணாடி போலப் படிந்திருக்கிறது. ஆகவே நம் தோலில் வெளிர் மஞ்சள், வெளிர் நீலம், வெள்ளை ஆகியவை சில மாதங்களில் அடங்கிப்போகும். கருப்பும் அடர் சிவப்பும் உறுதியாக நிற்கும். அதனால் நான் மாநிறத்தவருக்குக் கருப்பின் அடர்த்தி வேறுபாடுகளிலேயே மீனை எழுப்பி, தோலின் சொந்த நிறத்தை வெளிச்சமாக விட்டுவிடுகிறேன். ஊசியை ஆழமாகச் செலுத்தினால் நிறம் பளிச்சென்று வரும் என்று எவராவது சொன்னால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆழத்தில் கிடைப்பது தழும்பு மட்டுமே. காது குத்திய இடத்தில் உங்களுக்குத் தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். முழுக்கை என் வேகத்தில் 30 முதல் 40 மணி நேரம், பல மாதங்களுக்குப் பிரித்து.

பனித்துளி: எவ்வளவு செலவாகும்?

அளவும் இடமும் தெரியாமல் விலை சொல்ல இயலாது.

வடக்குவாசல்: கையால் குத்தும் தெபோரி முறையில் மெஷினைவிட வலி குறைவு என்கிறார்களே?

நான் மெஷினில் மட்டுமே வேலை செய்பவள். தெபோரியைப் பல ஆண்டுகள் குருவிடம் இருந்து பயின்றவரிடம் கேளுங்கள்.

கடலோடி: வெலிங்டனில் எட்டு ஆண்டுகளாக வாழ்கிறேன். எனக்கு மாவோரி முன்னோர் இல்லை. தோளில் மாவோரிப் பாணியில் குத்திக்கொள்ளலாமா? ஒரு ரக்பி வீரரின் தோள் படத்தை இணைத்திருக்கிறேன்.

படத்தைத் திறக்கவில்லை. வேண்டுகோளை முதலிலேயே வைத்திருந்தேன்.

கேள்வி நல்லது. ‘தா மொக்கோ’ என்பது மாவோரி ஒருவருடைய ‘ஃபகபாபா’வை, அதாவது வம்சாவளியை, உடம்பில் எழுதுவது. 1840ஆம் ஆண்டின் வைத்தாங்கி ஒப்பந்தத்தில் தலைவர்கள் சிலர் தங்கள் முக மொக்கோவின் ஒரு பகுதியை வரைந்தே கையொப்பமிட்டார்கள் என்பதிலிருந்து அதன் இயல்பு விளங்கும். நமக்குப் புரியும்படி சொன்னால், அது பெயருக்கு முன்னால் போடும் தலைப்பெழுத்து. அழகாக இருக்கிறது என்பதற்காக அடுத்த வீட்டாரின் தந்தை பெயரை எவரும் தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதில்லை. ரக்பி வீரரின் தோளைப் பிரதி எடுப்பது அதுதான்.

மாவோரி அல்லாதவருக்காக, அதே வடிவ மொழியில், வம்சாவளி உரிமை எதுவும் கோராமல் வரையப்படுவதற்குக் ‘கிரிதுஹி’ என்று பெயர். தோலில் எழுதுதல் என்பது அதன் பொருள். எங்கள் கலைஞர் முதல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே இருப்பார்: எந்த ஊர், எந்த ஆறு, யார் வளர்த்தார்கள், யாரை இழந்தீர்கள். பிறகு மார்க்கர் பேனாவால் நேராகத் தோலிலேயே வரையத் தொடங்குவார். சுருள் விரியும் பெரணித் தளிரைப் போன்ற ‘கொரு’ புதிய உயிரையும் வளர்ச்சியையும் குறிப்பது. பிள்ளைகள் பிறந்ததைச் சொல்ல அது வரலாம். மீன் செதில் வரிசை வளத்தைக் குறிக்கும். எது எங்கே செல்லும் என்பதை அவர் முடிவு செய்வார். முகத்தையும் பெண்களின் மோவாயையும் அவர் மாவோரி அல்லாத எவருக்கும் தொடுவதில்லை.

பூவரசு: சின்னதாகச் செய்தால் எவ்வளவு ஆகும்?

பனித்துளிக்குச் சொன்ன பதிலே.

உரைகல்: இது இரட்டை அளவுகோல் அல்லவா? மாவோரி வடிவத்தை நாம் தொடக் கூடாது, ஆனால் தமிழ்ப் பெண்ணாகிய நீங்கள் ஜப்பானிய வடிவங்களை விற்கலாமா? ‘கிரிதுஹி’ என்பதும் வாடிக்கையாளரின் மனச்சாட்சியை அமைதிப்படுத்தக் கண்டுபிடித்த சொல்தானே?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஜப்பானில் உடல் முழுவதையும் ஒரே படமாக மூடும் பாணி, இன்றைய டோக்கியோவான ‘எதோ’ நகரில் தச்சர், தீயணைப்போர், சுமை தூக்குவோரிடையே வளர்ந்தது. 1827 வாக்கில் குனியோஷி என்னும் ஓவியர், சீன நாவல் ஒன்றின் நூற்றெட்டு வீரர்களை மரக்கட்டை அச்சுப் படங்களாக வெளியிடத் தொடங்கியபோது, அவ்வீரர்களில் பலரின் உடம்பை டிராகனும் பூவுமாக நிரப்பினார். மக்கள் அச்சுப் படத்தை வாங்கி வந்து அதையே முதுகில் குத்திக்கொண்டார்கள். பிறப்பிலேயே கடைச்சரக்காக இருந்த படங்கள் அவை. அந்தக் கெண்டை எந்தக் குடும்பத்தின் பெயரையும் சுமக்கவில்லை. நான் அதற்குக் கடன்பட்டிருப்பது இலக்கணத்தைப் பிழையில்லாமல் எழுதுவதில்தான்.

மாவோரியின் கதை வேறு. மொக்கோ உள்ள பதப்படுத்திய தலைகள் துப்பாக்கிகளுக்காக விற்கப்பட்டன; 1831இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் அந்த வணிகத்தைத் தடை செய்யும் அளவுக்கு அது பெருகியிருந்தது. பிரான்ஸ் தன் அருங்காட்சியகங்களிலிருந்து 20 தலைகளைத் திருப்பித் தந்தது 2012இல்தான். அப்படிப் பறிகொடுத்தவர்களிடம், “இது வெறும் அலங்காரம்தானே” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கிரிதுஹி என்ற சொல்லை மாவோரிக் கலைஞர்களிலேயே ஏற்காதவர்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வழக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். நான் செய்வது, அந்த வேலையை நான் எடுக்காமல் அவரிடம் அனுப்புவது மட்டுமே.

உரைகல்: கோலம் யாருடைய சொத்து? நம் பாட்டிமார் கையில் குறத்தியர் குத்திய கோலப் பச்சையை ஒரு வெள்ளைக்காரர் குத்திக்கொண்டால் நாம் தடுப்போமா?

தடுக்க மாட்டோம், ஏனெனில் புள்ளி வைத்த கோலம் இன்னாரின் மகள் இவள் என்று சொல்வதில்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்துப் பழகவே அதை வாசலில் போடுகிறோம். ஒரு பண்பாட்டில் திறந்த வாசலும் இருக்கும், பூட்டிய பெட்டியும் இருக்கும். எது எது என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும்.

தாழம்பூ: என் கணவர் மாவோரி. உரைகல் அவர்களுக்கு ஒன்று: என் மாமியார் மோவாயில் மொக்கோ பெற்ற நாளில் குடும்பமே சுற்றி நின்று பாடியது. விலை பேசி வாங்கும் பொருளாக அன்று அது தெரியவில்லை. அக்கா, நாங்கள் ஜப்பானுக்குச் செல்கிறோம். வெந்நீர்க் குளங்களில் மாமியாரை விடுவார்களா?

நன்றி, நான் பத்தி பத்தியாக எழுதியதைவிட அது தெளிவாக இருக்கிறது. 2013இல் ஹொக்கைடோவில் மோவாய் மொக்கோ உள்ள மாவோரிப் பெண்மணி ஒருவரை வெந்நீர்க் குளத்தில் அனுமதிக்க மறுத்துவிட்டார்கள். பழங்குடி மொழிகள் குறித்த மாநாட்டுக்காக ஜப்பான் வந்திருந்தவர் அவர். குளத்துக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் யாகுசா என்னும் குற்றக் கும்பலின் பச்சை மட்டும். 2015இல் ஜப்பானியச் சுற்றுலா முகமை விடுதிகளிடம் கேட்டபோது, பதில் அளித்தவற்றில் ஏறக்குறைய 56 விழுக்காடு பச்சை குத்தியவர்களை மறுப்பதாகவும், 31 விழுக்காடு அனுமதிப்பதாகவும், மற்றவை மூடிக்கொண்டால் விடுவதாகவும் கூறின. தனிக் குளமுள்ள அறையைப் பதிவு செய்யுங்கள். பொதுக் குளம் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

உரைகல்: தலைப்பெழுத்து உவமையை ஏற்கிறேன். குனியோஷி பற்றிச் சொன்னதை ஏற்கவில்லை.

சரி. அதைத் தனியே வைத்துக்கொள்வோம், காத்திருப்பவர்கள் பலர்.

குறும்பாடு: மாவோரியையும் ஜப்பானியத்தையும் ஒரே கையில் கலக்கலாமா?

நான் கலப்பதில்லை. ஒன்று தோலின் வெறுமையைக் கோடுகளால் செதுக்குவது, மற்றொன்று பின்னணியால் தோலை நிரப்புவது. இரண்டும் ஒரு கையில் சேர்ந்தால் ஒன்றையொன்று விழுங்கும்.

மின்மினி: மகள் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதித் தருவீர்களா?

மாட்டேன். நான் படிக்க இயலாத எழுத்தை உங்கள் உடம்பில் எழுதுவதில்லை.

வெண்கொக்கு: வலிக்குமா? எவ்வளவு ஆகும்?

வலிக்கும். இரண்டாவதற்குப் பனித்துளி, பூவரசு இருவருக்கும் சொன்னதைப் படியுங்கள்.

கல்தச்சன்: வேறொரு கடையில் கடந்த மாதம் தோளில் சாமுராய் குத்திக்கொண்டேன். படம் இணைத்துள்ளேன். உங்கள் கருத்து?

உங்கள் சொந்தத் தோள் என்பதால் திறந்தேன். கோடுகள் சுத்தம், கருப்பு சீராக ஆறியிருக்கிறது. ஆனால் ஜப்பானிய அங்கியில் அணிபவரின் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது பிணத்துக்கு உடுத்தும் முறை. உங்கள் சாமுராய்க்கு வலப்பக்கம் மேலே இருக்கிறது. இது கண்ணாடி முன் நின்று எடுத்த படமா? அப்படியானால் இடம் வலமாக மாறியிருக்கும். வேறொருவரைக் கொண்டு நேராக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதுவரை எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.