விபிஎன் போட்டால் நெட் இழுக்கிறதா? மலையிலிருந்து வந்த கேள்விகள்

கோத்தகிரி: அண்ணா, ஃபைபரில் 100 எம்பிபிஎஸ் வருகிறது. ஆபீஸ் விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) போட்டதும் 8-க்கு இறங்குகிறது. லைன்காரரைக் கூப்பிடவா?

அவரை வீணாக மலையேற வைக்காதீர்கள் தம்பி. விபிஎன் இல்லாமல் 100 வந்தால் லைன்மேல் பழி இல்லை. நீங்கள் போடுவது ஓப்பன்விபிஎன் என்ற வகை என்றால், டிசிபியில் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் முறை) ஓடுகிறதா என்று ஐடி ஆட்களிடம் கேளுங்கள். ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) தொலைந்தாலும் உள்ளே ஓடும் டிசிபியும் வெளியே ஓடும் டிசிபியும் தனித்தனியாகத் திரும்ப அனுப்பப் பார்க்கும், வேகம் படுத்துவிடும். யுடிபிக்கு (தானாகத் திரும்ப அனுப்பாத முறை) மாற்றினால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும்.

குன்னூர்: கம்பெனி விபிஎன் வயர்கார்டு வகை. அதில் சாட் போகிறது. பெரிய பக்கங்கள் மட்டும் பாதியில் நின்று சுற்றுகின்றன.

இது வேகக் கோளாறே இல்லை, எம்டியு. அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் போட்டு நொந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான். சாதாரணமாக ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ லைனில் 8 பைட் அதற்கே போய்விடும், மிச்சம் 1492. வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. ஐபிவி6 (புதிய இணைய முகவரி முறை) வழியாகப் போனால் அதன்மேல் விபிஎன் உறையாக 80 ஏறி 1500 ஆகும். 1492-க்குள் எப்படி நுழையும்? 'பாக்கெட் பெரிது' என்று திரும்பி வரும் தகவலையும் சில ஃபயர்வால்கள் தடுத்துவிடும். அனுப்பியவருக்கு விஷயமே தெரியாது. எம்டியுவை 1280 ஆக்கிப் பாருங்கள். சரியானால் 1412 வரை மெல்ல ஏற்றலாம்.

கொடைக்கானல்: காசு கட்டி வாங்கிய விபிஎன். 'இந்தியா' என்று தேர்ந்தெடுத்தும் மந்தம்.

ஆப்பில் தெரியும் நாட்டுக் கொடியைப் பார்த்து நம்பாதீர்கள் அக்கா. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டதும், பல நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இந்தியா என்று காட்டும் சர்வர் லண்டனில்கூட இருக்கலாம். இந்திய முகவரிதான் வேண்டும் என்றில்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரைப் போட்டுப் பாருங்கள்.

ஊட்டி: பழைய கல் பங்களா, ஹோம்ஸ்டே. ரூமில் தங்குபவர்கள் விபிஎன் இழுக்கிறது என்கிறார்கள்.

விபிஎன்னை நிறுத்தினாலும் அப்படித்தான் இழுக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது. ரூம் வரை லேன் கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை தரும் பெட்டி) வையுங்கள்.

கூடலூர்: மொபைல் ஹாட்ஸ்பாட்தான். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் விபிஎன் செத்துவிடுகிறது.

வயர்கார்டு என்றால் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' என்ற இடத்தில் 25 என்று போடுங்கள். சும்மா இருந்தாலும் 25 விநாடிக்கு ஒருமுறை சின்ன பாக்கெட் போய் இணைப்பை உயிரோடு வைக்கும். போனை ஜன்னலோரம் வையுங்கள். ஆபீஸ் அனுமதித்தால், ஸ்ப்ளிட் டனலிங் போட்டு யூடியூபை விபிஎன்னுக்கு வெளியே விடுங்கள்.