ஜன்னலை மாற்றியவர் யாரோ, கடிதம் வந்தது எங்களுக்கு

கேள்வி: இங்கிலாந்தில் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய கல்வீடு ஒன்றை 2 வருடங்களுக்கு முன் வாங்கினோம். ஊரின் நடுப்பகுதி கன்சர்வேஷன் ஏரியா, அதாவது பழைய தோற்றம் மாறாமல் காக்கப்படும் பகுதி. எங்கள் வீடு கிரேடு 2 லிஸ்டெட் கட்டடம், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்படும் பழமையான கட்டடங்களின் பட்டியலில் உள்ளது. முன்பு இருந்தவர் 15 வருடங்களுக்கு முன் மர ஜன்னல்களை எடுத்துவிட்டு, அனுமதி வாங்காமல் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்திருக்கிறார். இப்போது உள்ளாட்சி கவுன்சில் எங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்துக் கேட்க முடியுமா? பின்னால் நிற்கும் பெரிய மரத்தையும் வெட்ட நினைக்கிறோம்.

பதில்: கேட்க முடியும். வருத்தமான பதில்தான், ஆனால் நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

வெறும் கன்சர்வேஷன் ஏரியாவில் உள்ள சாதாரண வீடாக இருந்திருந்தால், 15 வருடப் பழைய ஜன்னலைக் கவுன்சில் இன்று தொட முடியாது. அன்றைய விதிப்படி 4 வருடத்திலேயே காலக்கெடு முடிந்திருக்கும். லிஸ்டெட் கட்டடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. லிஸ்டெட் கட்டடங்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்குக் காலக்கெடுவே கிடையாது. அனுமதியில்லாமல் மாற்றியது கிரிமினல் குற்றம், 2 வருடம் வரை சிறை உண்டு. அந்தக் குற்றம் உங்களுடையது அல்ல, பயப்படாதீர்கள். ஆனால் சரிசெய்யும் பொறுப்பு வீட்டோடு சேர்ந்தே வரும். முறையான அமலாக்க நோட்டீஸ் வந்து, அதை நீங்கள் மதிக்காமல் விட்டால் அப்போது குற்றம் உங்களுடையதாகிவிடும்.

அதனால் கடிதத்தைப் பார்த்த பதற்றத்தில் கவுன்சிலுக்குப் போன் செய்துவிடாதீர்கள். வீடு வாங்கிய ஃபைலை எடுத்து, இண்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் பாலிசி (இப்படிப்பட்ட பழைய குறைகளால் வரும் நஷ்டத்துக்கான காப்பீடு) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். அவர்களைக் கேட்காமல் கவுன்சிலோடு பேசினாலே பல பாலிசிகள் செல்லாமல் போய்விடும். அந்த ஃபைலிலேயே விற்றவர் நிரப்பிக் கொடுத்த சொத்து விவரப் படிவமும் இருக்கும். ஜன்னலைப் பற்றி அதில் பொய் சொல்லியிருந்தால் அவர்மேல் நஷ்டஈடு கேட்கலாம். வீடு வாங்கும்போது உங்களுக்காக வேலை பார்த்த சொலிசிட்டர் (வக்கீல்) இதைக் கவனித்தாரா என்பதும் நியாயமான கேள்வி. இரண்டுக்குமே பொதுவாக 6 வருடம்தான் அவகாசம்.

அப்புறம், வந்திருப்பது கடிதமா, நோட்டீஸா? கடிதம் என்றால் பேச இடமிருக்கிறது. பழைய அமைப்பிலேயே மர ஜன்னல் வைக்கிறோம் என்று லிஸ்டெட் கட்டட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஜன்னல்களைக் கட்டம் கட்டமாக மாற்றவும் அவகாசம் கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் ஜன்னலையே வைத்துக்கொள்ள அனுமதி கேட்கவும் வழி உண்டு. ஆனால் கிடைக்கும் என்று நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். நோட்டீஸ் என்றால், அது அமலுக்கு வரும் தேதிக்கு முன்பே பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டில் (இத்தகைய மேல்முறையீடுகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) மேல்முறையீடு செய்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அந்தக் கதவு மூடிவிடும்.

மரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். கன்சர்வேஷன் ஏரியாவில் நிற்கும் மரத்துக்கு, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரம் 7.5 செ.மீ. விட்டத்துக்கு மேல் இருந்தால், வெட்டுவதற்கு 6 வாரம் முன்பே கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்குள் அவர்கள் மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை போடாவிட்டால் வெட்டிக்கொள்ளலாம்.