ரீமேப் செய்த பழைய டீசல் கார். மிதித்தால் பிக்கப் இல்லை, மெக்கானிக் டர்போவை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த டர்போ மேல் பழி போடும் முன் மற்றதைப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், மூன்றாவது கையாக வாங்கிய 1.3 லிட்டர் டீசல், முன்பு வைத்திருந்தவர் ரீமேப் செய்து (அதாவது அதிக சக்திக்காக என்ஜின் கணினியின் புரோகிராமை மாற்றி), ஒரிஜினல் ஏர் ஃபில்டருக்குப் பதில் கூம்பு வடிவ கோன் ஃபில்டரும் மாட்டியிருக்கிறார். 1500லிருந்து 2500 ஆர்பிஎம் வரை மிதித்தாலும் வண்டி யோசித்து யோசித்துத்தான் ஏறுகிறது. என்னுடையதும் அதே 1248 சிசி மல்டிஜெட், 75 குதிரைத்திறன், 2012 மாடல். அதுவும் ரீமேப்பும் கோன் ஃபில்டருமாகக் கைமாறி வந்ததுதான். இந்தப் பாட்டை நானும் பட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த என்ஜின் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே பிறவியிலேயே கொஞ்சம் சோம்பேறி. டர்போ வேகம் பிடிக்கும் வரை வரும் அந்தத் தாமதத்தை, டர்போ லேக்கை, நோய் என்று நினைத்து வைத்தியம் பார்க்காதீர்கள். 2200 தாண்டியும் முதுகில் அந்தத் தள்ளு வரவில்லை என்றால்தான் கோளாறு.

டீசலில் ஆக்சிலரேட்டரை மிதிப்பது ஒரு விண்ணப்பம் போடுவது மாதிரிதான், கையெழுத்துப் போடுவது ஈசியூ என்கிற என்ஜின் கணினி. எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று ஏர் ஃப்ளோ சென்சாரைக் கேட்டுவிட்டுத்தான் அது டீசலை விடும். காற்று குறைவு என்று தகவல் வந்தால், நீங்கள் தரை வரை மிதித்தாலும் புகை வரக் கூடாது என்று டீசலைக் குறைத்துவிடும். அதனால் பின்னால் ஒருவரை வரச் சொல்லி, உங்கள் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். எண்ணெய் தடவிய கோன் ஃபில்டரில் இது சகஜம், அந்த எண்ணெய் போய்ச் சென்சார் மேல் படிந்துவிடும். அதற்கென்று விற்கும் கிளீனரை அடித்து உலர விடுங்கள், துணி வைத்துத் தேய்க்காதீர்கள். இழுவை இல்லாமல் கறுப்புப் புகை மட்டும் தள்ளினால், சென்சார் அளந்த காற்று என்ஜினுக்குப் போய்ச் சேரும் முன் வழியில் எங்கோ ஓடிப்போகிறது. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே புகை வரும், அதையும் கழற்றிப் பாருங்கள்.

ஸ்கேனர் கிடைத்தால், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பூஸ்ட் பிரஷர், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். என்ஜின் ஓடாதபோது வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதில் தெரியும். கோவையில் 96, 97 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், ஊட்டியில் 77 சுமாருக்கு. அதை விட்டு விலகினால் அந்த பூஸ்ட் சென்சாரே பொய் சொல்கிறது. பிறகு மூன்றாவது கியரில் 1500லிருந்து முழுதாக மிதித்து, ஈசியூ கேட்ட பூஸ்ட்டையும் கிடைத்த பூஸ்ட்டையும் பதிவு செய்து, கிடைத்தது குறைகிறதா என்று ஒப்பிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ரீமேப்' என்று சொல்லி விற்றவர் உண்மையில் டியூனிங் பாக்ஸ் மாட்டியிருக்கலாம். இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சார் வயரில் நடுவே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறதா பாருங்கள். பிரஷர் குறைவு என்று ஈசியூவை ஏமாற்றி அதிக டீசல் வாங்குவதுதான் அதன் வேலை. அது இருக்கும் வரை ஸ்கேனர் காட்டும் ரெயில் பிரஷரை நம்ப முடியாது. கழற்றிவிட்டு அப்புறம் சோதியுங்கள்.

என் வண்டியில் திருடன் இன்டர்கூலர் ஹோஸ், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோடு சேரும் ரப்பர் குழாய். இரண்டு மெக்கானிக்குகள் மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்து "ஹோஸ் நல்லா இருக்கு" என்றார்கள். ஐடிலில் நன்றாகத்தான் இருக்கும். பிவிசி எண்ட் கேப் ஒன்றில் துளை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, ஃபில்டருக்குப் பிறகு டர்போவுக்குப் போகும் குழாயின் வாயில் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். வால்வ் கவரிலிருந்து வரும் பிரீத்தர் குழாயைக் கழற்றி அந்த வாயையும் அடைத்தோம். டயர் கடை கம்ப்ரஸரில் 10 பிஎஸ்ஐ மட்டும். டயருக்குப் பிடிப்பது போல 30க்குப் போய்விடாதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்ததும், ஹோஸின் அடிப்பக்க மடிப்பில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. கழற்றி வளைத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அழுத்தம் வரும்போது மட்டும் உதடு மாதிரி திறந்து, மற்ற நேரத்தில் மூடிக்கொள்கிறது. அதன் நேர்க் கீழே அடிமூடியில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. அதை முதலிலேயே பார்த்திருந்தால் இரண்டு வாரம் அலைந்திருக்க வேண்டாம்.

புது ஹோஸ் மாட்டினேன். கோன் ஃபில்டரைக் கழற்றி வீசிவிட்டு, உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒரிஜினல் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தேடிப் பிடித்துப் போட்டேன். டர்போ பழையதேதான், இன்று வரை.

ஆனால் பூஸ்ட் திரும்பி வந்ததும் அடுத்த வியாதி வெளியே வந்தது. கோத்தகிரி ஏற்றத்தில் என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. ரீமேப் கொடுத்த டார்க்கை, அதாவது இழுவிசையை, பழைய கிளட்ச் தாங்காமல் வழுக்கியது. டர்போவுக்கு என்று எடுத்து வைத்த பணம் கிளட்சுக்குப் போனது. உங்களுக்கும் இது இருக்கலாம். நான்காவது கியரில் 1800ல் முழுதாக மிதித்து, வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் தனியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.