ஒப்பந்தத்தைக் காட்டு என்று கேட்டால் கடன் போய்விடுமா?

தம்பி, லண்டன் ஹரோவில் இருந்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். கடனட்டையில் 1,500 பவுண்ஸ் அளவில் நின்றது, இப்போது பெயரே கேள்விப்படாத ஒரு கம்பனி 2,300 கேட்கிறது. கூட வேலை செய்யும் பெடியங்கள், "அசல் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லி ஒரு கடிதம் போடு, கடன் அதோடு சரி" என்கிறார்களாம். உண்மையா என்று கேட்கிறீர்கள்.

கடிதம் போடுங்கள். கடன் அழியும் என்று நம்பிப் போடாதீர்கள்.

அந்தக் கதைக்கு ஒரு காலம் இருந்தது. 2007 ஏப்ரல் 6க்கு முன் செய்த ஒப்பந்தமாக இருந்து, சட்டம் கேட்ட விபரங்களோடு கையெழுத்திட்ட தாள் இருந்ததே இல்லை என்றால், நீதிபதி விரும்பினாலும் கடன் கொடுத்தவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதில் தப்பியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அட்டைக்கு இரண்டு வயதுதான். ஃபோன் திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டிருப்பீர்கள், அதுவே கையெழுத்து.

அப்போ ஏன் கேட்பது? 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 78ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கட்டணம் 1 பவுண்ட். 12 வேலை நாளுக்குள் ஒப்பந்தப் பிரதியும் கணக்கு நிலவரமும் தரவேண்டும். தராதவரை கோர்ட்டில் தீர்ப்பு எடுக்க முடியாது, தந்ததும் எடுக்கலாம். இடையில் உங்களுக்குக் கடிதம் போடுவதையும், கிரெடிட் ஃபைலில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில்) பதிவதையும் அது நிறுத்தாது.

எனக்கு இப்படி ஒன்று வந்தது 2012இல், பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்த காலம். போஸ்ட் ஒஃபிஸில் 1 பவுண்டுக்குப் போஸ்டல் ஓடர் வாங்கி, பின்பக்கத்தில் "78ஆம் பிரிவுக் கட்டணம் மட்டும், கடனுக்குக் கட்டும் காசு அல்ல" என்று எழுதி அனுப்பினேன். தபாலில் போட்டதற்கான துண்டையும் கேட்டு வாங்கினேன். (துண்டு சும்மாதான் தருவார்கள், மறக்காதீர்கள்.) ஐந்து கிழமை கழித்து ஒரு கட்டுத் தாள் வந்தது, கையெழுத்து எங்கும் இல்லை. அது பிழையில்லை, பதிவுகளில் இருந்து திரும்பத் தயாரித்த பிரதியே போதும் என்று 2009இல் ஹைகோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பிரதியிலும் ஒப்பந்தம் செய்த நேரத்து விலாசம் இருக்கவேண்டும். என் தாளில் இருந்ததோ, அட்டை எடுத்து இரண்டு வருடம் கழித்து நான் குடிபோன வீடு! கணக்கைப் பார்த்தால், ஒரே மாதத்துக்கு இரண்டு தரம் தாமதக் கட்டணம். இரண்டையும் எழுதிக் காட்டினேன். கட்டணங்களைக் கழித்தார்கள், மிச்சத்தை மாதம் 40 பவுண்ஸாகக் கட்டி முடித்தேன். கட்டியதில் வருத்தமில்லை, செலவழித்தது நான்தானே.

ஆகவே உங்கள் விஷயத்தில் பிடிக்கவேண்டியது அந்த 800. வட்டியா, கட்டணமா, வேறு யாருடைய கணக்காவது கலந்துவிட்டதா? மாதாமாத ஸ்டேட்மென்ட்களையும், வங்கி கடனை விற்றதாக அறிவிக்கும் கடிதத்தையும் கேளுங்கள். கம்பனிக்கு முறைப்பாடு கொடுத்து 8 கிழமையில் சரிவராவிட்டால், இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதிச் சேவை ஒம்பட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் காசு தேவையில்லை. கடனை அழித்துத் தருகிறோம் என்று கமிஷன் கேட்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். கடன் ஆலோசனை தரும் நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச் இரண்டும் இலவசம்.

யாராவது வந்து கதவைத் தட்டினால் திறக்கத் தேவையில்லை, கடன் கேட்டு வருபவருக்கு பெய்லிஃபின் (பொருட்களைப் பறிமுதல் செய்ய வருபவரின்) அதிகாரம் கிடையாது. தபாலில்தான் கவனம் வேண்டும். வழக்குப் போடப்போகிறோம் என்று முன்கூட்டி வரும் கடிதத்துக்குப் பதில் எழுத 30 நாள் இருக்கிறது. கூட வரும் படிவத்திலேயே கடனை மறுக்கவும், பத்திரங்கள் கேட்கவும் இடம் உண்டு. அதையும் விட்டு, இப்படியான கடன் வழக்குகளைப் பதியும் நோர்தாம்டன் கோர்ட் அலுவலகத்தில் இருந்து உறை வந்துவிட்டால் 14 நாளுக்குள் பதில் போகவேண்டும். கிடைத்தது என்று அறிவித்தால் எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள். அந்த உறையைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். தீர்ப்பு அவர் பெயரில் ஆறு வருடம் இருந்தது, வாடகைக்கு வீடு எடுக்கவே பெரும்பாடு பட்டார்.