மருத்துவர் பதில்கள்: வாயு மயக்கமா, ஊசி மயக்கமா?

கேள்வி: 61 வயதாகும் என் தந்தைக்கு மூளையில் அனூரிசம் எனப்படும் ரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறது. அது இன்னும் வெடிக்கவில்லை. மண்டையோட்டைத் திறந்து, வீக்கத்துக்குள் ரத்தம் போகாதபடி கிளிப் போட நாள் குறித்திருக்கிறார்கள். வாயு மயக்கம் மூளைக்குக் கெடுதல், ஊசி மருந்தையே கேளுங்கள் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். அப்படிக் கேட்கலாமா?
வாசகி ஒருவர், மதுரை

பதில்: தாராளமாகக் கேளுங்கள், ஆனால் உறவினர் சொல்வது உங்கள் தந்தைக்கு முழுவதும் பொருந்தாது.

வீங்கிய குழாயின் சுவர் மெலிந்திருப்பதால், ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினால் அது வெடிக்கக்கூடும். மிகவும் இறங்கினாலோ மூளைக்குப் போதிய ரத்தம் கிடைக்காது. மருந்துத் தேர்வு இந்த இரு அபாயங்களையும் மனத்தில் வைத்தே நடக்கிறது. நான் மிகவும் அஞ்சுவது, மூச்சுக்குழாய்க்குள் டியூப் செலுத்தும் அந்தச் சில நொடிகளைத்தான். மயக்கத்தில் இருப்பவருக்கும் அப்போது அழுத்தம் ஏறும் என்பதால், தூங்கவைக்கும் ப்ரோப்போஃபாலுடன் ஃபென்டானில் போன்ற வலிநீக்கியையும், தேவைப்பட்டால் அந்த ஏற்றத்தைத் தணிக்கும் லிக்னோகைன் அல்லது எஸ்மோலாலையும் முன்கூட்டியே கொடுக்கிறோம். ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தத்தைக் காண, பெரும்பாலும் மணிக்கட்டுத் தமனியில் ஒரு மெல்லிய குழாயும் பொருத்துகிறோம்.

செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற வாயு மருந்துகள் அதிக அளவில் மூளையின் ரத்தக்குழாய்களை விரித்து, மண்டையோட்டுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். ஊசிவழி கொடுக்கும் ப்ரோப்போஃபால் அதைக் குறைக்கும். அனூரிசம் வெடித்து, ரத்தம் கசிந்து, மூளை வீங்கியிருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. வெடிக்காத நிலையில், அளவோடு கொடுக்கும் வாயுவைத் தாராளமாக ஏற்கலாம். இரண்டில் ஒன்றால்தான் நோயாளிகள் கூடுதலாக நலம் பெறுகிறார்கள் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆயினும், கிளிப் போடும்போது கைகால் அசைவுக்கான நரம்புப் பாதையை மின்தூண்டலால் கண்காணிக்கத் திட்டமிட்டிருந்தால், வாயு அந்தச் சமிக்ஞைகளை மங்கச் செய்யும் என்பதால் ஊசிவழி மயக்கத்தையே நான் விரும்புவேன். எனவே, "நரம்புப் பாதைக் கண்காணிப்புக் கருவி பயன்படுத்துவீர்களா?" என்று மயக்கவியல் மருத்துவரிடம் கேட்பதே உங்களுக்குப் பயன் தரும்.

அறுவை முடிந்ததும் அவர் விரைவில் கண்விழித்துக் கைகால்களை அசைத்துக் காட்ட வேண்டும். நீண்ட நேரம் தூக்கம் தங்கிவிடாத மருந்துகளைத் தேர்ந்தெடுப்பது அதற்காகத்தான்.

தந்தை உட்கொள்ளும் ரத்த அழுத்த மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்கேனும் மயக்க மருந்து கொடுத்தபோது கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் ஏற்பட்டிருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். பரம்பரையாக வரக்கூடிய அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வாயு மருந்துகளை அறவே தவிர்க்க வேண்டும்.