காந்த மருந்து சோறு போடுமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் கும்பகோணத்தில் பி.எஸ்சி. வேதியியல், மூன்றாம் ஆண்டு போகிறாள். ஏதோ ஒரு கருத்தரங்கில், காந்தத்தைக் காட்டி உடம்புக்குள் மருந்தை இழுத்துப் போகும் துகள்களைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தவள், அதைத்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "பி.எட். முடித்து டீச்சர் வேலைக்குப் போ என்கிறேன். கேட்கமாட்டேன் என்கிறாள். இது சோறு போடுமா சார்?"

ஐயா, உங்கள் மகள் சொல்லும் விஷயத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். நெல்லுக்கு வெறும் யூரியாவைத் தூவினால் ஒரு பங்கு பயிருக்கு, மிச்சம் தண்ணீரோடும் காற்றோடும் போய்விடும். 2015லிருந்து வேம்பு பூசிய யூரியாதான் வருகிறது. தழைச்சத்து விரயமாவது குறைந்து, பயிருக்கு நின்று கிடைக்கிறது. மருந்துக்கும் அதே கவலை உண்டு. ஒரே நாளில் மொத்தமும் ரத்தத்தில் கலந்துவிடாமல், நாள் கணக்கில், மாதக் கணக்கில் கசிய வேண்டும். அதற்கு மருந்தை ஒரு பாலிமருக்குள், அதாவது பிளாஸ்டிக் மாதிரி நீளச் சங்கிலியாக அமைந்த பொருளுக்குள், அடைத்து வைக்கிறார்கள். பி.எல்.ஜி.ஏ. என்று ஒன்று. உடம்பிலுள்ள தண்ணீர் பட்டு அது மெல்ல உடைந்து லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமுமாகப் பிரியும். கடைசியில் உடம்பு அதைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடும். எடுத்துப் போட வேண்டிய மிச்சம் எதுவும் இல்லை. 1989லேயே அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒரு ஊசி என்று இப்படி ஒரு மருந்து அனுமதி வாங்கிவிட்டது. ஆக, பாலிமர் பாதி கனவு இல்லை, நடக்கிற தொழில்.

காந்தம் மறுபாதி. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தும் கடைமடை காய்கிற கதைதான். புற்றுநோய் மருந்தை ஊசியில் ஏற்றினால் அது உடம்பு முழுக்க ஓடுகிறது, கட்டிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் போகிற வழியில் இதயத்தையே கெடுக்கக்கூடியவை. அதனால் பாலிமருக்குள் மருந்தோடு மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு துகளையும் வைத்து, கட்டி இருக்கும் இடத்தில் வெளியே காந்தத்தை வைத்து நிறுத்தலாம் என்று யோசித்தார்கள். இருபது நானோமீட்டருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) குறைவான துகள்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரைதான் அவையும் காந்தம். எடுத்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பிரிந்துவிடும்.

1996இல் ஜெர்மனியில் 14 நோயாளிகளுக்கு இந்தக் காந்த மருந்தை முதல்கட்டமாகக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். இருந்தும் இன்றுவரை அது மருந்துக்கடைக்கு வரவில்லை. தூரம் கூடக்கூடக் காந்தத்தின் பிடி மடமடவென்று குறைந்துவிடும். தோலுக்கு அடியில் இருக்கும் கட்டி என்றால் சரி. வயிற்றுக்குள் ஆழத்தில் இருந்தால் கஷ்டம். போதாததற்கு, கல்லீரலும் மண்ணீரலும் இந்தத் துகள்களை வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன.

அதனால் என் பதில் இது: காந்த மருந்து என்று தனியாக ஒரு வேலை இல்லை. அதற்காகக் கற்கும் கைவேலைக்கு உண்டு. துகள் செய்வது, அளவு பார்ப்பது, மருந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கசிகிறது என்று ஹெச்.பி.எல்.சி. என்ற கருவியில் அளப்பது. ஹைதராபாத், பெங்களூரு மருந்து கம்பெனிகளில் ஃபார்முலேஷன் (மருந்தை மாத்திரை, ஊசி என்று வடிவமாக்கும்) பிரிவுக்கு இதெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும். நம் டெல்டாவுக்குள் அந்த வேலை கிடைக்காது. பெண் வெளியூர் போக உங்களுக்குச் சம்மதமா என்பதை இப்போதே பேசிவிடுங்கள். பின்னால் கல்யாணப் பேச்சு வரும்போது அல்ல.

எம்.எஸ்சி. எங்கே என்றாலும், பட்டத்தின் பெயர் வேதியியல் என்றே இருக்கட்டும். இதில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். சில வருடம் முன்பு ஒரு பையனை, பெயர் நன்றாயிருக்கிறதே என்று நானோ படிப்பில் சேரச் சொன்னேன். பிறகு அவன் ஆசிரியர் தேர்வுக்குப் போனபோது, இந்தப் பட்டம் வேதியியலுக்கு இணைதானா என்று சான்று கேட்டு அலையவிட்டார்கள். அவன் அம்மாவை இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். இன்னொன்று, எம்.பார்ம். என்ற பார்மசி மேற்படிப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது ஏஜெண்ட் வந்தால் நம்பாதீர்கள். அதற்கு பி.பார்ம். வேண்டும்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பஸ் தூரம், க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. என்றால் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு. தஞ்சாவூர் சாஸ்திராவில் நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிர்ப்பொருள்களுக்கும் என்றே ஒரு மையம் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பிஎச்.டி. என்பது சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிய பிறகு மட்டும். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிப் பிஎச்.டி. செய்வதற்கு என் ஓட்டு கிடையாது.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. கடைசி வருட புராஜெக்டுக்கு இதையே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வகை இரும்பு உப்புக் கரைசலைக் கலந்து அமோனியா விட்டால் கறுப்பாக ஒரு படிவு இறங்கும். பீக்கருக்கு வெளியே காந்தத்தை நகர்த்தினால் அதுவும் கூடவே நகரும். பார்க்கிற எவருக்கும் முதல் நாள் ஆசை வரும். அந்தப் படிவைக் கைட்டோசான் கரைசலில் கலந்து சொட்டுச் சொட்டாகக் காரக் கரைசலில் விட்டுக் குருணையாக்க வேண்டும். கைட்டோசான் வேறெதுவும் இல்லை, நாகப்பட்டினத்தில் கொட்டிக் கிடக்கிற இறால் ஓட்டிலிருந்து எடுப்பதுதான். குருணை வரும், உடையும், மறுபடி கழுவ வேண்டும், மறுபடி செய்ய வேண்டும். இருபதாவது தடவையும் லேபுக்குக் கிளம்புகிறாளா என்று பாருங்கள். கிளம்பினால் தடுக்காதீர்கள். சலித்துப்போனால், பி.எட். எங்கேயும் போய்விடாது, எம்.எஸ்சி.க்குப் பிறகும் இரண்டு வருடம்தான்.

ஜாம் தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் மட்டும் செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். உங்களுக்குக் குறுவை அறுப்பு நேரம், அந்த அலைச்சலில் விட்டுவிடாதீர்கள்.