ஈயக் குழாயில் கிரைண்டர் வைக்காதீர்கள்

சுவரோரம் போகும் பழைய ஈயத் தண்ணீர்க் குழாயை கட்டிங் கிரைண்டரால் வெட்டியெடுத்து, சமையலறைப் பக்கம் மட்டும் செம்புக் குழாய் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றுவது நல்ல முடிவுதான், ஆனால் கிரைண்டர் வேண்டவே வேண்டாம், அது ஈயத்தைக் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கி வீடு முழுக்கப் பரப்பிவிடும், இந்த வேலையில் பெரிய ஆபத்தே அந்தத் தூள்தான். ஈயம் மென்மையானது, கையால் இயக்கும் குழாய் வெட்டி போதும். ரம்பம்தான் இருக்கிறதென்றால் வெட்டும் இடத்தை நனைத்துக்கொண்டே மெதுவாக அறுங்கள். தீச்சுவாலை விடும் கேஸ் டார்ச்சும் கூடாது, ஈயம் சுமார் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகும், அதற்கு மேல் சூடேற ஏற நச்சுப் புகை கிளம்பும்.

கையுறையும் நுண்தூளைத் தடுக்கும் சுவாசக் கவசமும் அவசியம், துணி முகக்கவசம் பயன்படாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. முடிந்ததும் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், அந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.

இன்னொன்று, பழைய வீடுகளில் மின்சார எர்த்தை இந்தக் குழாயிலேயே கட்டியிருக்கலாம். வெட்டும் முன் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள், இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், பாதியை மட்டும் மாற்றாதீர்கள். செம்பும் ஈயமும் நேரடியாகச் சேரும் இடத்தில் அரிப்பு கூடும், மீதிக் குழாயில் படிந்திருப்பதும் வெட்டும்போது உதிரும், அதனால் தண்ணீரில் ஈயம் குறைவதற்குப் பதில் கொஞ்ச காலம் கூடிவிடலாம். முழுவதையும் மாற்றி, ஈயமில்லாத சால்டரால் (உருக்கி ஒட்டும் பற்றாசு) இணைத்து, குழாய் முனை வலைகளைக் கழற்றிவிட்டு நன்றாகத் தண்ணீரை ஓடவிடுங்கள். தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதித்து முடிவு வரும்வரை அதைக் குடிக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது.